மூத்த மகனுக்குப் பட்டம்: ஓமான் இந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்த கதை

2020 ஜனவரி 10ஆம் தேதி ஓமான் சுல்தான் காபூஸ் காலமானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்டவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்த சகோதரனும் இல்லை. பட்டத்து இளவரசர் என்று யாரையும் உயிரோடு இருந்தவரை அறிவிக்கவும் இல்லை. அடுத்தவர் யார் என்பது ஓர் உறைக்குள் இருந்தது.

1996ல் காபூஸே கொண்டுவந்த அடிப்படைச் சட்டத்தில் இதற்கொரு ஏற்பாடு இருந்தது. அரியணை காலியானால் மூன்று நாளுக்குள் அரச குடும்பத்தார் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களால் முடியாவிட்டால், சுல்தான் எழுதி மூடி வைத்த கடிதத்தைப் பிரித்து அதில் உள்ளவரை ஏற்க வேண்டும். குடும்பத்தார் மூன்று நாளை எடுத்துக்கொள்ளவே இல்லை. பெரியவர் விருப்பமே எங்கள் விருப்பம் என்று சொல்லி நேராக உறைக்குப் போய்விட்டார்கள். அதில் இருந்த பெயர் ஹைதம் பின் தாரிக், காபூஸின் சித்தப்பா மகன். மறுநாளே பதவியேற்பு முடிந்துவிட்டது.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அக்கம்பக்கத்து நாடுகளின் அரச குடும்பங்களில் நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள் இது இவ்வளவு சுமுகமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓமானின் சொந்த வரலாற்றைப் படித்தவர்கள் இன்னும் அதிகமாகவே பயந்திருப்பார்கள். அடுத்து யார் என்ற கேள்வி இந்த நாட்டை இரண்டு முறை உடைத்திருக்கிறது, ஒரு முறை அந்நியப் படையை உள்ளே கூட்டி வந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இபாதிகளிடமிருந்து தொடங்க வேண்டும். கடற்கரையைத் தாண்டிய ஓமானின் உள்நாட்டு மலைப்பகுதி மக்களில் பெரும்பாலோர் சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை. இபாதி என்ற மூன்றாவது பிரிவைச் சேர்ந்தவர்கள். தலைவர் விஷயத்தில் அவர்கள் கொள்கை தனி. சமூகத்தை நடத்தும் இமாம் நபிகளின் குலத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அறிஞர்களும் குலத் தலைவர்களும் கூடி, தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவர் தவறு செய்தால் இறக்கிவிடலாம். தகுதியானவர் கிடைக்காவிட்டால் இமாமே இல்லாமலும் காலத்தை ஓட்டலாம். அப்பன் இமாம் என்பதற்காக மகன் இமாம் ஆவது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. முதல் இமாமாக ஜுலந்தா பின் மஸ்ஊத் தேர்வானது எட்டாம் நூற்றாண்டின் நடுவில், 750ஐ ஒட்டி.

கொள்கை அது. ஆனால் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த எந்தக் குடும்பமும் அதைத் தானாக விட்டுக்கொடுத்ததில்லை. ஓமானின் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

இடையில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நபுஹானி குலத்தார் அரசர்களாக இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். ஆனால் அவர்களைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். வரலாற்றை எழுதியவர்கள் இபாதி அறிஞர்கள். இமாம் என்ற பெயரில்லாமல் அரசன் என்ற பெயரில் ஆண்டவர்களை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே காலத்தின் பிற்பகுதியில், 1507ல், போர்ச்சுக்கீசியர்கள் மஸ்கட்டைக் கொளுத்திப் பிடித்தார்கள். கடற்கரை அவர்கள் கைக்குப் போனது.

1624ல் ருஸ்தாக் என்ற உள்நாட்டு ஊரில் அறிஞர்கள் கூடி யாரூபி குலத்து நாசிர் பின் முர்ஷிதை இமாமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உள்நாட்டுக் குலங்களை ஒன்றுபடுத்தி, போர்ச்சுக்கீசியர்களை ஒவ்வொரு துறைமுகமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சிய மஸ்கட்டை 1650 ஜனவரியில் பிடித்தவர் அவருக்குப் பின் வந்த ஒன்றுவிட்ட சகோதரர் சுல்தான் பின் சைஃப்.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஓமானிய வரலாற்று நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. மஸ்கட்டில் நரோத்தம் என்ற இந்து வணிகர் போர்ச்சுக்கீசியக் கோட்டைக்கு உணவுப்பொருள் கொடுத்து வந்தார். கோட்டைத் தளபதி அவர் மகளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி மிரட்டினான். நரோத்தம் ஒப்புக்கொண்டதுபோல் நடித்து, கல்யாண ஏற்பாட்டுக்கு அவகாசம் கேட்டார். அந்த அவகாசத்தில், கோட்டையில் இருக்கும் பழைய தானியமும் தண்ணீரும் கெட்டுவிட்டன, வெடிமருந்தும் ஈரமாகிவிட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி வெளியே எடுத்தார். புதிதாக எதையும் உள்ளே வைக்கவில்லை. அப்புறம் இமாமுக்கு ஆள் அனுப்பினார். எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் தங்கள் தலைநகரம் மீண்ட கதையில் ஓர் இந்திய வணிகருக்கு ஓமானியர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

சுல்தான் பின் சைஃப் என்ற பெயரில் உள்ள ‘சுல்தான்’ பட்டம் அல்ல, அவருடைய பெயர். பின் என்றால் மகன். சைஃபின் மகன் சுல்தான். அவர் வகித்த பதவி இமாம். ஓமான் வரலாற்றில் சுல்தான் என்று பெயருள்ள இமாம்கள் உண்டு, சுல்தான் பதவியில் இல்லாத சுல்தான்கள் உண்டு. முதல் முறை படிப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

யாரூபிகள் கையில் ஓமான் கடல் வல்லரசாக மாறியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுக்கீசியர்கள் வைத்திருந்த மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையை 1696 மார்ச்சில் முற்றுகையிட்டு, 1698 டிசம்பரில் பிடித்தார்கள். கடல்வழி வந்த பணத்தில் உள்நாட்டில் கோட்டைகள் எழுந்தன, ஃபலஜ் என்னும் பாசனக் கால்வாய்கள் சீராயின. சைஃப் பின் சுல்தான் 30,000 பேரீச்ச மரங்களும் 6,000 தென்னைகளும் நட்டதாகக் கணக்கு சொல்வார்கள். ஆனால் சுல்தான் பின் சைஃபுக்குப் பிறகு இமாம் பதவி அவர் மகன் பில்அரபுக்குப் போனது. அவருக்கு எதிராகத் தம்பி சைஃபே கிளம்பினார். ஜப்ரீனில் தான் கட்டிய அழகான கோட்டைக்குள்ளேயே பில்அரப் முற்றுகையில் சிக்கி இறந்தார். அவர் கல்லறையும் அங்கேதான். சைஃபுக்குப் பிறகு அவர் மகன். தேர்தல் என்ற சடங்கு நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் முடிவு ஒரே வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

1718ஐ ஒட்டி அது வெடித்தது. இமாம் இறந்தபோது அவர் மகன், இன்னொரு சைஃப், பன்னிரண்டு வயதுச் சிறுவன். சிறுவன் எப்படி இமாமாக முடியும்? தொழுகையை நடத்தவே வயது போதாதவன் நாட்டை எப்படி நடத்துவான் என்றார்கள் அறிஞர்கள். அவர்கள் மனதில் இருந்தவர் முஹன்னா பின் சுல்தான். ஆனால் ருஸ்தாக்கில் கூடிய குலத்தவர்கள் ஆயுதங்களோடு நின்று, சிறுவன்தான் வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். ரத்தம் சிந்தும் நிலை. அப்போது காஜி (நீதிபதி) அதீ பின் சுலைமான் ஒரு தந்திரம் செய்தார். சிறுவனைக் கூட்டத்தின் முன் நிறுத்தி, “சைஃப் அமாமகும்” என்றார். கூட்டம் அதை “சைஃப் இமாமகும்” என்று கேட்டுக்கொண்டது. ‘இமாமகும்’ என்றால் உங்கள் இமாம். ‘அமாமகும்’ என்றால் உங்கள் முன்னால். அதாவது, “சைஃப் உங்கள் முன்னால் நிற்கிறார்” என்று மட்டும் காஜி சொன்னார். பொய்யும் சொல்லவில்லை, பட்டமும் கட்டவில்லை. முதல் எழுத்து இகரமா அகரமா என்பதில் ஒரு நாட்டின் அரசுரிமை தொங்கியது. கூட்டம் பீரங்கி வெடித்துக் கொண்டாடிவிட்டுக் கலைந்தது. பரபரப்பு அடங்கியதும் அறிஞர்கள் முஹன்னாவை ரகசியமாகக் கோட்டைக்குள் கொண்டுவந்து இமாமாக்கினார்கள்.

தந்திரம் நிலைக்கவில்லை. முஹன்னா விரைவிலேயே கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் குலங்கள் திரண்டன: ஒரு பக்கம் ஹினாவி, இன்னொரு பக்கம் காஃபிரி. இருதரப்புத் தலைவர்களும் 1728ல் சோஹாரில் ஒரே போரில் செத்தார்கள். சண்டை மட்டும் சாகவில்லை. அந்த இரண்டு பெயர்களும் அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் ஓமானிய அரசியலைப் பிரித்து வைத்திருந்தன. சிறுவன் சைஃப் வளர்ந்து இமாமாகி, எதிரிகளைச் சமாளிக்க முடியாமல் 1737ல் பாரசீகத்து நாதிர் ஷாவின் படையை உதவிக்குக் கூப்பிட்டார். வந்த படை ஓமானைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்த்தது.

சோஹார் கோட்டையில் அவர்களை மாதக்கணக்கில் தடுத்து நின்றவர் அந்த ஊரின் ஆளுநர் அஹ்மத் பின் சயீத். உள்நாட்டு ஊரான ஆதமைச் சேர்ந்த வணிகக் குடும்பத்து மனிதர். பாரசீகர்களோடு சமாதானம் பேசினார்; பர்காவில் விருந்துக்கு அழைத்து அவர்களைத் தீர்த்துக்கட்டினார் என்று நூல்கள் சொல்கின்றன. அவரையே இமாமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1744 என்பது அரசாங்கக் கணக்கு; 1749 என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இன்றுவரை ஆளும் அல் பு சயீத் வம்சம் இவரிடம் தொடங்குகிறது. காபூஸின் பிறந்தநாளான நவம்பர் 18 தேசிய தினமாக இருந்தது. சுல்தான் ஹைதம் 2025ல் அதை நவம்பர் 20க்கு மாற்றியது, 1744ல் அஹ்மத் பொறுப்பேற்றதன் நினைவாகத்தான்.

அஹ்மத் 1783ல் இறந்தபின் நடந்தது விசித்திரமானது. மகன் சயீத் இமாமாகி ருஸ்தாக்கில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய மகன் ஹமத், அப்பாவை அப்படியே இருக்கவிட்டு, வருமானம் வரும் மஸ்கட் துறைமுகத்துக்கு இறங்கி அங்கிருந்து ஆண்டார். இமாம் பட்டம் மலையில், சுங்கப் பணம் கரையில். ஹமத் 1792ல் அம்மையில் போக, மஸ்கட் அவர் சிற்றப்பா சுல்தான் பின் அஹ்மத் கைக்கு வந்தது. இந்த மஸ்கட் ஆட்சியாளர்கள் தங்களை இமாம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, சையித் என்றார்கள். மற்ற இடங்களில் அது நபி வழியினரைக் குறிக்கும், ஓமானில் ஆளும் குடும்பத்தைக் குறிக்கும். வெள்ளைக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியவில்லை. வெகுகாலம் ‘மஸ்கட் இமாம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் நம் பக்கத்து வரலாறும் உள்ளே வருகிறது. மைசூரின் திப்பு சுல்தான் மஸ்கட்டில் வணிகக் கிடங்கு வைத்திருந்தார்; மங்களூர் அரிசி அங்கே போனது. நெப்போலியன் 1798ல் எகிப்தில் இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கலக்கம். பிரெஞ்சுக்காரர்களை உள்ளே விடமாட்டேன் என்று சுல்தான் பின் அஹ்மதிடம் அதே ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் வாங்கியது. நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதத்தை மஸ்கட் ஆட்சியாளருக்கு அனுப்பித்தான் சேர்க்கப் பார்த்தார். ஆங்கிலேயர் வழியிலேயே மடக்கிவிட்டார்கள். சில மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கம்பெனிக்கும் மஸ்கட்டுக்கும் விழுந்த முடிச்சு மட்டும் அவிழவில்லை.

சுல்தான் பின் அஹ்மத் 1804ல் கடலில் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் மகன் பத்ர் ஆட்சியைப் பிடித்தார். 1806ல் பர்காவில் பத்ரைக் கொன்று மேலே வந்தார் பதினைந்து பதினாறு வயதுப் பையன் சயீத் பின் சுல்தான். அரை நூற்றாண்டு ஆண்டார். வம்சத்திலேயே பெரிய ஆள் இவர்தான் என்பேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் தீவில் கிராம்புத் தோட்டங்களை வளர்த்து, தலைநகரையே மஸ்கட்டிலிருந்து அங்கே கொண்டுபோய்விட்டார். பம்பாயில் கட்டிய 74 பீரங்கிக் கப்பலை இங்கிலாந்து மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1833ல் அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம். 1840ல் அவருடைய கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் போய் நின்றது. இந்தச் செழிப்புக்கு அடியில் அடிமை வியாபாரம் இருந்தது. கிராம்பு பறித்த கைகள் ஆப்பிரிக்க அடிமைகளின் கைகள்.

சயீத் 1856ல் மஸ்கட்டிலிருந்து ஜான்சிபாருக்குத் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார். மறுபடியும் அதே கேள்வி. மஸ்கட்டில் இருந்த மகன் துவைனி எல்லாம் தனக்கே என்றார். ஜான்சிபாரில் இருந்த மகன் மஜீத் தீவைத் தர மறுத்தார். துவைனி படை அனுப்ப, பிரிட்டிஷார் நடுக்கடலில் திருப்பி அனுப்பினார்கள். தீர்ப்பு சொன்னவர் கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் கானிங். 1861 ஏப்ரலில் அவர் சொன்ன முடிவு: இரண்டும் தனித்தனி நாடு, ஆனால் பணக்கார ஜான்சிபார் ஏழை மஸ்கட்டுக்கு ஆண்டுக்கு 40,000 மரியா தெரசா வெள்ளி நாணயம் தர வேண்டும். சொத்துத் தகராறில் ஊர்ப் பெரியவர் தீர்த்துவைத்த மாதிரிதான். பின்னாளில் அந்தப் பணத்தைப் பிரிட்டிஷ் இந்திய அரசே கட்டத் தொடங்கியது. அதாவது நம் முன்னோர் கட்டிய வரியில் மஸ்கட் சுல்தானுக்கு ஒரு பங்கு போனது. பணம் கொடுப்பவன் சும்மா கொடுப்பானா? மஸ்கட் சுல்தான்கள் பிரிட்டிஷ் பிடிக்குள் போனது இப்படித்தான்.

அடுத்த பத்து ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம், அவ்வளவும் ரத்தம். 1866ல் சோஹாரில் தூங்கிக்கொண்டிருந்த துவைனியைப் பெற்ற மகன் சாலிமே கொன்றார். 1868ல் சாலிமை விரட்டி, அதே வம்சத்தின் வேறு கிளையைச் சேர்ந்த அஸ்ஸான் பின் கைஸ் முறைப்படித் தேர்வான இமாமாக வந்தார். பிரிந்துபோன மலையும் கரையும் ஓர் இமாம் கையில் மறுபடி சேர்ந்தது அப்போது மட்டும்தான். பிரிட்டிஷார் அவரை அங்கீகரிக்கவே இல்லை. 1871 ஜனவரியில் மத்ராவில் நடந்த சண்டையில் அவர் விழுந்தார். வென்றவர் துவைனியின் தம்பி துர்கி பின் சயீத். அதற்குமுன் பம்பாயில் உபகாரச் சம்பளத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர். இன்றைக்கும் ஓமானில் சுல்தானாக வேண்டுமென்றால் இந்தத் துர்கியின் ஆண்வழி வாரிசாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அஹ்மத் பின் சயீதின் மற்ற கிளைகள் அத்தனையும் அந்த ஒரு வரியில் வெளியே நிற்கின்றன.

ஜான்சிபார் கிளையின் கதை தனி. 1964 ஜனவரிப் புரட்சியில் அங்கே சுல்தானியம் முடிந்தது. கடைசி சுல்தான் ஜம்ஷீத் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். வயதான காலத்தில்தான் ஓமானுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது.

மலைவாசிகள் துர்கியின் வாரிசுகளை மனதார ஏற்கவில்லை. 1913ல் அவர்கள் மீண்டும் தங்களுக்கென்று ஓர் இமாமைத் தேர்ந்தெடுத்தார்கள். மஸ்கட்டைப் பிடிக்க இறங்கியவர்களை இந்தியச் சிப்பாய்கள் தடுத்தார்கள். 1920 செப்டம்பரில் சீப் என்ற ஊரில் ஒப்பந்தம்: சுல்தான் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடமாட்டார், உள்நாட்டார் கரையைத் தாக்கமாட்டார்கள். இமாம் முஹம்மத் அல் கலீலி உள்நாட்டு ஊரான நிஸ்வாவில் 34 ஆண்டுகள் இருந்தார். நாட்டின் பெயரே ‘மஸ்கட்டும் ஓமானும்’ என்றிருந்தது. நடுவில் இருந்த ‘உம்’ வெறும் இலக்கணம் அல்ல.

அந்த நாளைய சுல்தான்களுக்கு நிஸ்வாவைவிட இந்தியா பக்கம். சுல்தான் தைமூர் கடன் தொல்லையில் சலித்து 1932ல் மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகினார். 1965ல் பம்பாயில் இறந்தார். மகன் சயீத் பின் தைமூர் படித்தது அஜ்மீர் மேயோ கல்லூரியில். புழக்கத்தில் இருந்ததும் இந்திய ரூபாய். 1959க்குப் பிறகு ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக அச்சிட்ட ரூபாய்.

சீப் உடன்பாட்டை உடைத்தது எண்ணெய். கம்பெனிக்காரர்கள் தோண்ட நினைத்த இடம் உள்நாட்டில் இருந்தது. 1954ல் கலீலி இறந்து காலிப் பின் அலி இமாமானார். 1955 டிசம்பரில் சுல்தானின் படை நிஸ்வாவுக்குள் போனது. சயீதே தெற்குக் கடற்கரை ஊரான சலாலாவிலிருந்து பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து வண்டியில் வந்து இறங்கினார். 1957ல் இமாம் தரப்பு மறுபடி எழுந்தது. பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட, 1959 ஜனவரியில் ஜபல் அக்தர் மலை விழுந்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக விட்டு விட்டு வந்த இமாமியம் ஓமானில் அத்தோடு நின்றது.

வென்ற சயீத் என்ன செய்தார்? சலாலாவுக்குப் போய் அடைந்துகொண்டார். கடன் வாங்கியே கெட்ட வம்சத்தில் பிறந்த கருமி. கடனை அடைத்தார், அதோடு சரி. 1967ல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய பிறகும் நாடு முழுக்க மூன்று பள்ளிக்கூடங்கள், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தார்ச்சாலை. இருட்டிய பிறகு மஸ்கட்டின் வாசல்கள் மூடிவிடும். வெளியே நடந்தால் கையில் விளக்கு வேண்டும். தெற்கே தோஃபாரில் 1965லேயே கிளர்ச்சி வெடித்துவிட்டது. இங்கிலாந்தில் ராணுவப் பயிற்சி முடித்து வந்த ஒரே மகன் காபூஸை சலாலாவில் கிட்டத்தட்ட வீட்டுக்காவலில் வைத்திருந்தார்.

1970 ஜூலை 23 அன்று, பிரிட்டிஷார் துணையோடு, மகன் அப்பாவை இறக்கினார். கைகலப்பில் சயீத் தன் துப்பாக்கியாலேயே தன் காலில் சுட்டுக்கொண்டார். பதவி விலகல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு லண்டன் போய், ஹோட்டலில் வாழ்ந்து, 1972ல் இறந்தார். வம்சத்துப் பழைய கணக்கில் பார்த்தால் இது மென்மையான ஆட்சி மாற்றம்தான். நாட்டின் பெயரிலிருந்து மஸ்கட்டையும் அந்த ‘உம்’மையும் எடுத்துவிட்டு ஓமான் சுல்தானகம் என்று ஆக்கியது காபூஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று. சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. பிரதமர், பாதுகாப்பு, நிதி, வெளியுறவு என எல்லாப் பொறுப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். வாரிசை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்குத் தான் செய்ததை நினைத்தாரோ என்னவோ, இளவரசர் என்று ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தாமல் பெயரை உறையில் போட்டு மூடினார் என்பது என் ஊகம்.

ஹைதம் அந்த வழியைத் தொடரவில்லை என்பதைவிட, அவசரமாக மூடினார் என்று சொல்லலாம். பதவியேற்ற ஓராண்டில், 2021 ஜனவரியில், புதிய அடிப்படைச் சட்டம் வந்தது. குடும்பக் கூட்டம் போனது, உறையும் போனது. சுல்தானுக்குப் பின் மூத்த மகன், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன். மூத்தவர் முன்பே இறந்துவிட்டால், அவருக்குத் தம்பிகள் இருந்தாலும், அவருடைய மூத்த மகனுக்கே பட்டம். தம்பி அண்ணனோடு மோதிய ஜப்ரீன், அண்ணன் தம்பி நாட்டைப் பிரித்த 1861, எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கிறது. ஹைதமின் மூத்த மகன் தெயாசீன் ஓமானின் முதல் பட்டத்து இளவரசரானார்.

அறிஞர்கள் கூடி ஆளைத் தேடிய இபாதி மரபின் சாயல் 1996 சட்டத்தின் குடும்பக் கூட்டத்திலாவது கொஞ்சம் இருந்தது. புதிய சட்டத்தில் அதுவும் இல்லை. இன்னொரு பிரிவும் உண்டு: பட்டம் வந்து சேரும்போது வாரிசுக்கு 21 வயது நிரம்பாவிட்டால், சுல்தான் முன்கூட்டியே நியமித்த பொறுப்புக் குழு அவர் சார்பில் ஆளும். ருஸ்தாக்கில் பன்னிரண்டு வயதுச் சைஃபைக் கூட்டத்தின் முன் நிறுத்திய காஜி கையில் இப்படியொரு தாள் இருந்திருந்தால் அகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவில் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். சட்டம் வந்தபோது தெயாசீனுக்கு முப்பது வயது. ஆகவே அந்தப் பிரிவுக்கு இப்போதைக்கு வேலை இல்லை.